கல்லில் நிலைத்த முகங்கள்



கம்போடியா என்றதும் உங்களில் பலருக்கு நினைவுக்கு வருவது அங்கோர் வாட் ஒன்றுதான். அந்நாட்டின் கொடியிலேயே அந்தக் கோயிலின் உருவம் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இந்தக் கட்டுரையில் நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது அதற்கு வடக்கே சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில், அங்கோர் தோம் என்னும் பழைய தலைநகரின் நட்ட நடுவே நிற்கும் பாயோன் என்ற கோயிலுக்கு. அங்கோர் என்பது 'நகரம்' என்ற நாமறிந்த சொல்லின் திரிபு. தோம் என்றால் பெரிது. பெருநகர் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

கோயிலைப் பற்றி நம் பத்திரிகையில் என்ன பேச்சு என்று நீங்கள் வியக்கக்கூடும். அந்தக் கோயிலின் தெற்குச் சுவரில் ஒரு சமுதாயத்தின் முன்னோர் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று நம்மைப் போலவே கலிமாச் சொன்னவர்கள். அவர்களைப் பற்றி நம் வீடுகளில் அதிகம் பேசப்படுவதில்லை. அந்தக் குறை சிறிதேனும் தீர வேண்டும் என்பதே என் ஆவல்.

மூவர் பயணம்

நாங்கள் மூன்று பேர். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்தவர்கள் இருவர். எங்களுக்கு ஐந்து வயது மூத்தவர் ஒருவர். ஒரு நண்பர் கோலாலம்பூரில் துணி வியாபாரம் செய்கிறார். மூத்தவர் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் நெடுங்காலம் புகைப்பட ஸ்டுடியோ நடத்தியவர். அவரை ஊரே 'ஸ்டுடியோ நானா' என்றுதான் அழைக்கும். எல்லோர் கையிலும் செல்பேசி வந்த பிறகு கடையை மூடிவிட்டார். ஆனால் கேமராவை மூடவில்லை. மூன்றாமவன் நான், வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியன்.

2018 ஜனவரியில் கோலாலம்பூரிலிருந்து சியெம் ரீப் நகருக்குச் சென்றோம். இஷாத் தொழுகைக்கு அந்நகரப் பள்ளிவாசலுக்குச் சென்றபோது, வாசலில் ஓர் இளைஞர் சலாம் சொல்லிக் கைகொடுத்தார். மலேசியாவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவராம். மலாய் மொழி நன்றாகப் பேசினார். மோட்டார் சைக்கிளின் பின்னால் இருக்கை வண்டியைக் கோத்து ஓட்டும் துக்-துக் அவருடைய தொழில். மறுநாள் காலை முதல் அவரே எங்கள் வண்டிக்காரர். நாங்கள் பேசியதை அவருக்கும், அவர் பேசியதை எங்களுக்கும் கோலாலம்பூர் நண்பர் மலாய் வழியாக மாற்றித் தந்தார்.

அங்கோரில் நுழைவுச்சீட்டு வாங்குமிடத்தில் ஒரு வேடிக்கை உண்டு. நாம் படம் எடுக்கப் போகுமுன் நம்மைப் படம் எடுத்துவிடுகிறார்கள்! சீட்டிலேயே நம் முகத்தை அச்சிட்டுத் தருகிறார்கள். ஒருவர் சீட்டில் இன்னொருவர் நுழைய முடியாது. மூன்று நாள் சீட்டுக்குத் தலைக்கு 62 டாலர் கொடுத்தோம். அந்தத் தொகையில் இரண்டு டாலர் கந்தா போபா என்னும் குழந்தைகள் மருத்துவமனைக்குச் செல்கிறது என்று அறிந்தபோது, கொடுத்த பணம் கனக்கவில்லை.

முகங்களின் காடு

அங்கோர் தோமின் மதில் சதுர வடிவானது. ஒவ்வொரு பக்கமும் மூன்று கிலோமீட்டர் நீளம், எட்டு மீட்டர் உயரம். வெளியே அகன்ற அகழி. தெற்கு வாயிலுக்குச் செல்லும் பாலத்தின் இருமருங்கிலும் 54 தேவர்களும் 54 அசுரர்களும் நீண்ட நாகத்தின் உடலைப் பற்றி இழுக்கிறார்கள். பாற்கடல் கடைந்த கதை நம் நாட்டிலிருந்து கடல் கடந்து சென்று அங்கே கல்லாகி நிற்கிறது. கதை மட்டுமன்று; கெமர் மக்கள் இன்று எழுதும் எழுத்தும் பல்லவர் எழுத்தின் வழி வந்ததே. மாமல்லபுரத்துக்கும் அந்த மண்ணுக்கும் உள்ள உறவுக்கு அவர்களுடைய பள்ளிப் பிள்ளைகளின் சிலேட்டே சாட்சி சொல்லும்.

பாயோனைக் கட்டியவர் ஏழாம் ஜெயவர்மன். 1181இல் அரியணை ஏறிய அவர் பௌத்த சமயத்தைத் தழுவியவர். நாடெங்கும் 102 மருத்துவமனைகள் இருந்ததாக அவர் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. கோயிலுக்கான மணற்கற்கள் குலென் மலையடிவாரத்திலிருந்து வெட்டிக் கொண்டுவரப்பட்டவை. சாந்து எதுவும் பூசாமல், கல்மேல் கல்லை இழைத்துப் பொருத்தி அடுக்கியிருக்கிறார்கள்.

காலை ஏழரை மணிக்கு உள்ளே நுழைந்தோம். சற்றுத் தொலைவிலிருந்து பார்த்தால் இடிந்த கற்குவியல் போலத்தான் தெரிகிறது. நெருங்க நெருங்க, அந்தக் குவியலிலிருந்து ஒரு கண் தெரிகிறது. பிறகு ஓர் உதடு. பிறகு ஒரு முழு முகம். மேல்தளத்தில் ஏறி நின்றபோது எங்கு திரும்பினாலும் முகங்கள்! இன்று எஞ்சியிருப்பவை 37 கோபுரங்கள். முகங்கள் ஏறத்தாழ 200. ஒவ்வொன்றும் ஆளுயரத்தைவிடப் பெரிது. கண்கள் பாதி மூடியிருக்க, உதடுகளில் மெல்லிய முறுவல். அவை அவலோகிதர் என்னும் போதிசத்துவரின் முகங்களா, அரசரின் சொந்த முகமேதானா என்று அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

படிக்கட்டில் கால் வைக்குமுன் துணி வியாபார நண்பர் சற்றுத் தயங்கியதையும் இங்கே சொல்ல வேண்டும். "வழிபாட்டுத் தலம் ஆயிற்றே, நாம் ஏறலாமா?" என்றார். "வழிபட வந்தவர்களுக்கு இடைஞ்சல் செய்யாமல், வரலாற்றைப் பார்க்க வந்தவர்களாகப் பார்த்துத் திரும்புவோம், மச்சான்" என்றேன். முன்சென்ற சமுதாயங்களின் சுவடுகளைப் பார்த்துப் படிப்பினை பெறுவது நமக்குப் புதிதன்று. உள்ளே ஒரு மூதாட்டி ஊதுவத்தி ஏற்றி வணங்கிக்கொண்டிருந்தார். சுற்றுலாப் பயணிகள் சிலர் அவர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டினார்கள். ஸ்டுடியோ நானா தம்முடைய கேமராவின் மூடியைப் பூட்டிக்கொண்டு, அவர் எழுந்து போகும்வரை ஒதுங்கி நின்றார்.

நானாவின் படமெடுக்கும் முறையே தனி. நாங்கள் இருவரும் கண்டதையெல்லாம் சுட்டுத் தள்ளிக்கொண்டிருக்க, அவர் ஒரே முகத்தின் எதிரில் அரைமணி நேரம் காத்திருந்தார். "வெயில் உச்சியில் இருந்தால் கல் தட்டையாகிவிடும். வெளிச்சம் பக்கவாட்டில் வர வேண்டும். அப்போதுதான் மூக்குக்கு நிழல் விழும்; நிழல் விழுந்தால்தான் சிரிப்பு தெரியும்" என்றார். அவர் சொன்னபடியே, சூரியன் சற்று மேலேறியதும் ஒரு முகத்தின் உதட்டோரம் மட்டும் இருண்டது. அந்தக் கணத்தில் கல் சிரித்தது!

அங்கோரை முதன்முதலில் கேமராவில் பதிவு செய்தவர் ஜான் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், ஆண்டு 1866. கண்ணாடித் தகட்டில் அங்கேயே மருந்து பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்து, அங்கேயே கழுவ வேண்டிய காலம் அது. இருட்டறைச் சாமான்களையெல்லாம் காட்டு வழியே சுமந்து சென்றிருக்கிறார். "முப்பத்தாறு படச்சுருளையே எண்ணி எண்ணிச் செலவழித்தோம், அந்த மனிதர் எப்படிப் பார்த்துப் பார்த்து எடுத்திருப்பார்!" என்று நானா வியந்தார்.

தெற்குச் சுவர்

கீழே இறங்கியதும் வண்டிக்கார இளைஞர் எங்களை வெளிச்சுற்றின் தெற்குச் சுவருக்கு அழைத்துச் சென்றார். மேல்தளத்து முகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோர் பலர். அந்தத் தவறை நீங்கள் செய்துவிடாதீர்கள். பாயோனின் உண்மையான செல்வம் அந்தச் சுவரில்தான் இருக்கிறது.

அரண்மனைக்காரர்கள் மட்டுமல்லாமல், எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய சாதாரண மக்களும் அங்கே வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு பெண் கடைவிரித்து உட்கார்ந்திருக்கிறாள். ஒருத்திக்கு இன்னொருத்தி தலையில் பேன் பார்க்கிறாள். பிரசவ வேதனையில் ஒரு தாய். சேவற்சண்டையில் கூச்சலிடும் ஆண்கள். அடுப்படியில் சமையற்காரர்கள். மரங்களின் நடுவே மீன்கள் நீந்துகின்றன. இதைக் கற்பனை என்று எண்ணிவிட வேண்டாம். அருகிலுள்ள தோன்லே சாப் ஏரி மழைக்காலத்தில் பல மடங்கு பெருகிக் கரையோரக் காடுகளை மூழ்கடித்துவிடும். அப்போது மரக்கிளைகளுக்கிடையே மீன் திரிவது அங்கே இன்றும் காணும் காட்சியே.

இந்த அன்றாட வாழ்வுக்கு மேலே ஒரு பெரும் கடற்போர் போன்ற காட்சி. நீண்ட படகுகள், வரிசையாகத் துடுப்பு வலிப்போர், ஈட்டி ஏந்திய வீரர்கள், நீரில் விழுந்தவர்களைக் கவ்வும் முதலைகள். ஒரு பக்கத்தார் தலைமுடியை ஒட்ட வெட்டியவர்கள். அவர்கள் கெமர் வீரர்கள். மறுபக்கத்தார் தலையில் கவிழ்த்த பூவைப் போன்ற தொப்பி அணிந்தவர்கள்.

இளைஞர் அந்தத் தொப்பிக்காரர்களைச் சுட்டிக்காட்டி, "இவர்கள் எங்கள் ஆட்கள்" என்றார்.

யார் இந்தச் சாம் மக்கள்?

வாசகர்களே, இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியிலும் தென்பகுதியிலும் சம்பா என்றொரு நாடு பல நூற்றாண்டுகள் இருந்தது. கடல் வணிகத்தில் தேர்ந்த அந்நாட்டு மக்களே சாம் என்போர். 1177இல் அவர்கள் படகேறி வந்து அங்கோரைச் சூறையாடினார்கள் என்பது வரலாற்று நூல்களில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. அவர்களை விரட்டியவர் என்ற புகழோடுதான் ஏழாம் ஜெயவர்மன் ஆட்சிக்கு வந்தார். ஆனால் அதே ஜெயவர்மன் தம் வாழ்வில் சில ஆண்டுகளைச் சம்பாவில் கழித்தவர். பாயோன் சுவரிலும் சாம் வீரர்கள் எதிரிகளாக மட்டும் வரவில்லை. கெமர் படையோடு சேர்ந்து செல்லும் சாம் வீரர்களையும் அங்கே காணலாம். பகையும் உறவும் அன்றும் அவ்வளவு எளிதாகப் பிரிக்கக்கூடியவையாக இருந்ததில்லை.

1471இல் சம்பாவின் தலைநகரான விஜயா வியட்நாமியரிடம் வீழ்ந்தது. அதற்குப் பின் அலை அலையாகச் சாம் மக்கள் கம்போடியாவுக்குப் புலம்பெயர்ந்தார்கள். சுவரில் தங்களை எதிரியாகச் செதுக்கி வைத்த நாட்டிலேயே அவர்களுக்குப் புகலிடம் கிடைத்தது! மேகோங் ஆற்றங்கரையில் அவர்கள் குடியேறிய ஊருக்குக் கம்போங் சாம், அதாவது சாம்களின் துறை, என்றே பெயர் நிலைத்தது. மலாய் உலகத்தோடு கொண்ட தொடர்பால் இஸ்லாம் அவர்களிடையே வேரூன்றியது. பதினேழாம் நூற்றாண்டில் கம்போடிய மன்னர் ஒருவரே இஸ்லாத்தைத் தழுவி, இப்ராஹீம் என்ற பெயரோடு 1658வரை ஆட்சி புரிந்தார் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

பிறகு 1975 ஏப்ரல் 17 வந்தது. கெமர் ரூஜ் என்னும் கூட்டத்தார் தலைநகரைக் கைப்பற்றினார்கள். 1979 ஜனவரி 7இல் அவர்களின் ஆட்சி வீழ்வதற்குள் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் மாண்டவர்கள் சுமார் 17 லட்சம் பேர். எல்லா மக்களும் துன்புற்றார்கள். சாம் முஸ்லிம்களுக்கோ அவர்களாக இருப்பதே குற்றமாயிற்று. தொழுகைக்குத் தடை, நோன்புக்குத் தடை, தாய்மொழி பேசத் தடை. பெண்களின் கூந்தல் கத்தரிக்கப்பட்டது. திருக்குர்ஆன் பிரதிகள் எரிக்கப்பட்டன. பன்றி இறைச்சி உண்ணுமாறு கட்டாயப்படுத்தினார்கள். எதிர்த்தெழுந்த கிராமங்கள் அழிக்கப்பட்டன. மாண்ட சாம் மக்கள் 90,000 பேர் என்று ஒரு கணக்கும், அதைவிடப் பல மடங்கு என்று வேறு கணக்குகளும் உள்ளன. நாங்கள் சென்றுவந்த அதே 2018ஆம் ஆண்டு, நவம்பர் 16 அன்று, ஐக்கிய நாடுகள் சபையின் துணையோடு அமைந்த சிறப்பு நீதிமன்றம், கெமர் ரூஜ் தலைவர்களில் ஒருவரான நுவொன் சியா சாம் மக்களுக்கு எதிராக இனப்படுகொலைக் குற்றம் புரிந்தார் என்று தீர்ப்பளித்தது. நாற்பதாண்டு கழித்து வந்த தீர்ப்பு!

ஒரு தாயின் முகம்

அன்று நண்பகல் இளைஞர் எங்களைத் தம் வீட்டுக்கு உணவுக்கு அழைத்தார். மரக்கால்கள்மேல் உயர்த்திக் கட்டிய எளிய வீடு. சோறும், ஏரி மீன் குழம்பும், வறுத்த கீரையும் பரிமாறினார்கள். அவருடைய தாயார் எழுபதைக் கடந்தவர். தலையில் வெள்ளை முக்காடு. நாங்கள் எடுத்த படங்களை நானா கேமராவின் சிறு திரையில் அவருக்குக் காட்டினார். கல்முகங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. அம்மையார் நெடுநேரம் பார்த்தார். பிறகு மகனிடம் ஏதோ சொன்னார். அது சாம் மொழியிலிருந்து மலாய்க்கும், மலாயிலிருந்து தமிழுக்கும் வந்துசேர்ந்தது.

"அந்தக் கல்லுக்கு இருக்கிறது, என் தாய்க்கு இல்லை."

அவருடைய பெற்றோரும் உடன்பிறந்தார் அறுவரும் அந்த நான்காண்டுகளில் போய்விட்டார்கள். வீட்டில் இருந்த சில படங்களைத் தந்தையே அடுப்பில் இட்டுவிட்டாராம். படத்திலுள்ள உடையைப் பார்த்தே குடும்பத்தின் நிலையைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற அச்சம். "என் தாயின் முகத்தை நினைக்க முயன்றால், இப்போதெல்லாம் கண்ணாடியில் நான் பார்க்கும் என் முகம்தான் வருகிறது" என்று அம்மையார் சொன்னபோது எங்களில் எவரும் வாய் திறக்கவில்லை.

அந்த ஆட்சியாளர்களும் படம் எடுத்தவர்களே. நோம் பென் நகரில் துவோல் ஸ்லெங் என்ற பள்ளிக்கூடத்தைச் சிறையாக்கி, அங்கு கொண்டுவந்தோரையெல்லாம் வரிசையாக உட்காரவைத்துப் படமெடுத்தார்கள். இன்று அருங்காட்சியகமாக இருக்கும் அவ்விடத்தின் சுவர்களில் அந்த முகங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. கொன்றவனிடம் படம் இருக்கிறது, பெற்றவளிடம் இல்லை. கேமரா என்னும் கருவிக்கு இதைவிடக் கொடிய பணி வேறில்லை.

ஸ்டுடியோ நானா எழுந்தார். "உம்மாவைப் படம் எடுக்க அனுமதி கேளுங்கள்" என்றார். அம்மையார் முதலில் மறுத்தார். இந்த வயதில் எனக்கு எதற்கு என்றார். "உங்களுக்காக அல்ல, உம்மா. உங்கள் பேரப்பிள்ளைகள் நாளை உங்களை நினைக்க முயலும்போது வேறு முகம் வரக்கூடாது" என்று நானா சொன்னது இரு மொழிகளைக் கடந்து அவரிடம் சேர்ந்தது. அவர் உள்ளே சென்றார். முக்காட்டை மாற்றிக்கொண்டு வந்து சன்னலோரம் அமர்ந்தார்.

கோயிலில் அரைமணி நேரம் காத்திருந்த அதே பக்கவாட்டு வெளிச்சம் இங்கே சன்னல் வழியாக வந்தது. நானா மூன்றே படங்கள் எடுத்தார்.

மாலையில் சந்தையருகே ஒரு படக்கடையில் பெரிதாக அச்சிட்டு, இரவே கொண்டுபோய்க் கொடுத்தோம். அம்மையார் படத்தை உடனே சுவரில் மாட்டவில்லை. மகனிடம் கொடுத்துப் பின்புறம் எழுதச் சொன்னார்: தம் பெயர், தம் தாயின் பெயர், பிறந்த கிராமம், அன்றைய தேதி. இளைஞர் எழுதியதை எட்டிப் பார்த்த எனக்கு வியப்பு. எழுத்து அரபு! நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் என்றார்கள் அல்லவா? அதே போலச் சாம் மக்களும் தம் மொழியை அரபு எழுத்தில் எழுதுகிறார்கள். மொழி எனக்குப் புரியவில்லை; ஆனால் அந்தப் பெயர்களை என்னால் வாசிக்க முடிந்தது. தாயின் பெயர் ஆமினா.

நம் வீட்டு அலமாரி

சகோதரிகளே, சகோதரர்களே! பாயோனின் நடுக்கோபுரத்தில் ஜெயவர்மன் நிறுவிய பெரிய புத்தர் சிலை, அவருக்குப் பின் வந்த சமய மாற்றத்தில் உடைத்து எறியப்பட்டது. 1933இல்தான் கோபுரத்தின் அடியிலிருந்த குழியில் துண்டு துண்டாகக் கண்டெடுத்து ஒட்டினார்கள். பேரரசன் கல்லில் வைத்ததற்கே அந்த நிலை. பெட்டிக்குள் கிடக்கும் நம் காகிதங்களுக்கு யார் பொறுப்பு?

உங்கள் அலமாரியிலும் ஒரு பழைய ஆல்பம் இருக்கும். அதிலே பினாங்குக்கோ ரங்கூனுக்கோ கொழும்புக்கோ கப்பலேறுமுன் நின்று எடுத்த ஒரு பாட்டனார் இருப்பார். அவர் பெயர் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியுமா? பக்கத்தில் நிற்பவர் யார்? சொல்லக்கூடிய ஒரே ஆள் இன்று வீட்டுத் திண்ணையில் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெத்தாவாக இருக்கலாம். இன்றே அவரருகில் உட்காருங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு எழுதுங்கள். மை பின்னாளில் முன்பக்கம் ஊறிவிடும். பென்சிலே நல்லது என்பது நானாவின் அனுபவம்.

படம் எடுப்பதுபற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. படமே வேண்டாம் என்று பேணுதலாக வாழும் குடும்பத்தாரும் நம்மில் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, மூத்தவர்களின் பெயர்களையும் அவர்கள் பட்ட பாட்டையும் எழுதி வைக்கட்டும். முகத்தைக் காட்ட முடியாவிட்டாலும், அந்த மனிதரை அடுத்த தலைமுறைக்குக் காட்டிவிட எழுத்துக்கு வலிமை உண்டு.

அங்கோரில் நாங்கள் எடுத்த படங்கள் மொத்தம் 800க்கு மேல் இருக்கும். கல்முகங்களின் படங்களை உறவினர்கள் பார்த்துப் பாராட்டினார்கள். ஸ்டுடியோ நானாவோ ஊர் திரும்பிய வாரமே, மூடிய கடையின் பின்னறையைத் திறந்து, வாங்கிக்கொள்ள ஆள் வராமல் தங்கிவிட்ட பழைய நெகடிவ் பெட்டிகளைத் தெருத்தெருவாகப் பிரிக்கத் தொடங்கிவிட்டார். இதுவரை நாற்பது குடும்பங்களுக்கு மேல் அவரவர் முன்னோரின் படங்கள் போய்ச் சேர்ந்துள்ளன, அல்ஹம்துலில்லாஹ்.